பாசி பிடிக்காத மணல்

பாசியைப் பற்றித் தெரியாதவர்கள் என்னிடம் வாதாட வர வேண்டாம். வாழ்நாள் முழுக்க அதனோடு மல்லுக்கட்டியவன் நான். எங்கள் ஊரான டன்ராவனில் ஒரு காரை இரண்டு குளிர்காலம் அசையாமல் நிறுத்திவைத்தால் ஓட்டுபவர் இருக்கையில் பெரணி முளைத்துவிடும். என் அப்பாவின் கல்லறையில் அவர் பெயரைப் படிக்க வேண்டுமானால் கம்பி பிரஷ் கொண்டுபோக வேண்டும். காட்டுப் பாதைகளின் கதையைக் கேட்கவே வேண்டாம். ஜூனில் சுரண்டி எடுத்த பாசி ஆகஸ்டில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். புதுக் காலணி போட்ட வெளியூர்க்காரர்கள் அதன்மேல் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொள்வார்கள். அவர்களைத் தூக்கிவருவது எங்கள் தலையெழுத்து.

'கடைசி ஷில்லிங்' தங்கச் சுரங்கத்துக்குப் போகும் பாதையில் மட்டும் பாசி கிடையாது. மழை மூன்று வாரம் விடாமல் பெய்தாலும் அதில் செருப்போடு நடக்கலாம். மேற்குக் கரை முழுக்க அப்படி ஒரு பாதை இல்லை என்று கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதை தொடங்கும் இடத்தில் ரிமு மரப்பலகையில் 'கில்ஃபோய்ல் நடை' என்று செதுக்கியிருக்கும். அந்த கில்ஃபோய்ல் நான்தான். மர்வின் கில்ஃபோய்ல். உயிரோடு இருக்கும்போதே பலகையில் பெயர் வந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று மதுக்கடையில் நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாராவது சொல்லும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேரை அந்தப் பாதையில் அழைத்துப்போவேன். பழைய டிராம் வண்டி போன தடம் அது. போய்வர நாலு மணி நேரம். முதலில் குகை வழி. அப்புறம் தங்கப்பாறையை இடித்த இயந்திரம். பத்து இரும்பு உலக்கைகளும் இன்னும் நின்ற நிலையிலேயே இருக்கின்றன. அதைத் தாண்டினால் சயனைடுத் தொட்டிகள். சயனைடு என்றதும் எல்லோரும் ஓரடி பின்னால் நகர்வார்கள். நான் சிரித்துக்கொண்டே, 'அதெல்லாம் எழுபது வருஷத்துக்கு முன்னாடியே மழை கழுவிட்டுப் போயிடுச்சு' என்பேன். அங்கேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது மணல் கதையைச் சொல்வேன். அதற்காகத்தான் நான் சனிக்கிழமைகளில் எழுந்திருப்பதே.

கதை இது: ஊரே பாசியோடு போராடித் தோற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் நான் தனியாக மலைமேல் ஏறினேன். பழைய உலை இருந்த இடத்தில் ஒரு புல்கூட முளைக்காத வெளிர்சாம்பல் மணலைப் பார்த்தேன். என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு கோடை முழுக்க, ஒவ்வொரு கூடை மணலையும் என் கையாலேயே இறக்கி, என் கையாலேயே பரப்பினேன். கேட்டவர்கள் என் முதுகில் தட்டினார்கள். சில பெண்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

நடந்தது வேறு.

மரம் அறுக்கும் ஆலை மூடியபிறகு, பேசில் ட்ரெகியரும் நானும் செய்ய வேலையில்லாமல், காட்டுப் பாதைகளைப் பராமரிக்கும் பாதைக் குழுவில் சேர்ந்தோம். பேசிலுக்குப் பேச்சு வராது. ஊமை என்று அர்த்தமில்லை, நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் வரி கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அவனுக்கும் சேர்த்து நான் பேசுவேன். ஆலையில் இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் உலை இருந்த இடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பத்துமணித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் தங்கப் பாறையைத் தூளாக்கி வறுத்த உலை. செங்கல் மட்டும் மிச்சம். அதைச் சுற்றிப் பாதி ரக்பி மைதானம் அளவுக்குப் பளிச்சென்று வெறும் தரை. நாலு பக்கமும் காடு முட்டிக்கொண்டு வந்து, அந்த விளிம்பில் நின்றிருந்தது.

பேசில் சிகரெட் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

"மர்வ், இங்க ஏன்டா ஒண்ணுமே முளைக்கல?"

"யாருக்குத் தெரியும்?"

"சரி, தெரிய வேணாம். இதை அள்ளிப் பாதைல போட்டா என்ன?"

அவ்வளவுதான். கேள்வியையும் அவன்தான் கேட்டான், பதிலையும் அவன்தான் தள்ளிவைத்தான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் புல் முளைக்காத மண்ணைப் பார்த்துப் பயந்திருப்பான். எங்களுக்கு அது சாமி கொடுத்த வரமாகத் தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு, 'டேய், நீ மேதைடா' என்றேன். அதை நான் சொன்னதற்கு சாட்சி இரண்டு வெக்கா பறவைகள். அதில் ஒன்று என் பிஸ்கட்டைத் திருடிக்கொண்டு ஓடியது.

இரண்டு கோடை வேலை. எனக்கு முதுகுவலி. அதனால் நான் சின்ன டிராக்டரை ஓட்டினேன். அள்ளியது, கொட்டியது, வாரியது, மிதித்து இறுக்கியது எல்லாம் பேசில். காய்ந்த நாளில் மணல் மாவாகப் பறக்கும். கையுறை போடச் சொன்னால் மாட்டான். போட்டால் மட்டம் தெரியாதாம், உள்ளங்கையால் தடவித்தான் பார்க்க வேண்டுமாம். அந்தக் கையாலேயே புகையிலையை எடுத்து, தாளை நக்கி, சிகரெட் சுருட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மனைவி நைரி எங்களுக்கு இறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் கொண்டுவருவாள். டிராக்டரில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "ராஜா, இறங்கி வந்து சாப்பிடறீங்களா, இல்ல பல்லக்கு அனுப்பட்டுமா?" என்பாள்.

பாதை திறப்புவிழாவுக்கு வானொலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மைக்கை நீட்டி, "இந்த மணல் யோசனை யாரோடது?" என்று கேட்டாள். பேசில் எனக்குப் பின்னால்தான் நின்றான். அவனைப் பார்த்தேன். அவன் தன் காலணியைப் பார்த்தான். என் வாய் திறந்தது, "என்னோடதுதான்" என்றது. நான் யோசித்துச் சொன்னதாக இப்போது பொய் சொல்லமாட்டேன். ஆனால் சொன்னபிறகு இனித்தது. திரும்பிப் பார்த்தபோது பேசில் ஒரு பக்கமாகச் சிரித்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாலு வருடத்தில் பேசிலின் உள்ளங்கையில் சின்னச் சின்னக் கட்டிகளாகத் தோல் காய்த்துப்போனது. "உன் கைல காரட் துருவலாம்டா" என்று மதுக்கடையில் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதற்கப்புறம் சிறுநீர்ப்பையில் புற்று. மூன்று வருடத்துக்கு முன்னால், மே மாதத்தில் போய்விட்டான்.

அடக்கத்தன்று என்னைத்தான் பேசச் சொன்னார்கள். கால்மணி நேரம் பேசினேன். ஆலைக் கதை சொன்னேன், அவன் மீன் பிடிக்கப்போய்த் தானே ஆற்றில் விழுந்த கதை சொன்னேன். கடைசியில் பாதைக் கதை. "நான் மணலைச் சுமந்தேன், பேசில் என் சாப்பாட்டு மூட்டையைச் சுமந்தான். ரெண்டுல எது கனம்னு என் தொப்பையைப் பாத்தாலே தெரியும்" என்றேன். தேவாலயம் முழுக்கச் சிரிப்பு. துக்க வீட்டில் சிரிக்கவைப்பது எங்கள் ஊரில் பெரிய மரியாதை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நைரி சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ஓகில்வி என்ற அம்மாள் என்னோடு நடக்க வந்தாள். டனீடனில் மண்ணியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். எழுபது வயது, கம்பு இல்லாமல் என்னைவிட வேகமாக நடந்தாள். தேநீர் நேரத்தில் மற்றவர்கள் எல்லோரும் என் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் குனிந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஏன் எதுவும் முளைக்கல?"

பேசிலுக்கு அப்புறம், இந்தப் பதினோரு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்.

"அதாங்க இதோட அழகே," என்றேன்.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"மேலே, உலை இருந்த இடத்துலேருந்து."

"யார் எடுத்தது?"

"நான்தான். யோசனை, வேலை, எல்லாம் நான்தான். எத்தனை வாட்டி வேணும்னாலும் சொல்றேன்."

அவள் தன் சாண்ட்விச் பையைக் காலி செய்தாள். தேக்கரண்டியால் இரண்டு கரண்டி மணலை அள்ளிப் பையில் போட்டு முடிந்தாள். ஒரு சின்ன நோட்டில் தேதியும் இடமும் என் பெயரும் எழுதினாள். பெயரில் எழுத்துப் பிழை வரக்கூடாதே என்று நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

மூன்று வாரத்தில், தலைமுதல் கால்வரை வெள்ளை உடை மாட்டிய ஆறு பேர் வந்தார்கள். மணலில் ஆர்செனிக். உலையில் பாறையை வறுத்தபோது வெளியே வந்த விஷம் அந்தத் தரையில் அப்படியே படிந்து கிடந்திருக்கிறது. காட்டுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் விளிம்பிலேயே நின்றுவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை. பாதையை மூடினார்கள். என் பெயர்ப் பலகைக்குக் கீழே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை அடித்தார்கள்.

நடக்க வருபவர்களை நம்பித்தான் எங்கள் ஊரில் ரொட்டிக் கடையும், மதுக்கடையும், நாலு விடுதிகளும் இருந்தன. ஒரு மாதத்தில் ரொட்டிக் கடை வாரத்துக்கு மூன்று நாள் என்று ஆனது. தெருவில் என்னைப் பார்த்தால் ஆட்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். தபாலகத்தில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி தன் நாயைச் சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சிறுவயதில் என்னோடு ரக்பி ஆடியவன், "என்ன மர்வ், அடுத்து குடிதண்ணிலயா?" என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் டிராக்டர் ஓட்டினவன், அவ்வளவுதானே என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் யார் நம்புவார்கள்? பதினோரு வருடமாக நானே ஊரெல்லாம் விதைத்த பொய் அது. அந்த மணலில்கூட முளைத்திருக்கும்.

சுகாதாரத் துறையிலிருந்து ரிபெகா என்ற பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவசரப்படாமல் பேசுவாள். என் சிறுநீர், முடி, நகம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். முடிவு கடிதத்தில் வந்தது. என் உடம்பு சுத்தம். ஒன்றுமே இல்லை. அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பாதைக் குழுவின் தலைவர் ஃபெர்கஸ்தான் மதுக்கடை முதலாளியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சமூகக் கூடத்தில் கூட்டம் என்று சொல்லிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"இதோ பாரு மர்வ். எழுந்து நில்லு. 'தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்லு. அவ்வளவுதான். யாரும் உன்னத் தின்னுட மாட்டாங்க. ஒத்துக்கிட்டவன இந்த ஊரு என்னிக்கும் கைவிட்டதில்ல. அடுத்த வாரம் உனக்கு பீர் நானே ஊத்தறேன்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் மாட்டைத் திருடியவனும், தேவாலய ஜன்னலை உடைத்தவனும் எழுந்து நின்று ஒத்துக்கொண்டு, மறுவாரம் எல்லோரோடும் சீட்டாடியிருக்கிறார்கள். ஆனால் செய்யாத தப்பை ஏன் நான் ஒத்துக்கொள்ள வேண்டும்? எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளைப் பற்றி இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நைரிக்கு உண்மை தெரியும். அவள் எழுந்து சொன்னால் ஊர் நம்பும்.

சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பீட்ரூட்டை வேகவைத்து ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் சிவப்பு. உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம் நைரி. சோதனைல எல்லாம் சுத்தம்," என்று கடிதத்தை எடுத்துக் காட்டினேன். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் கடிதத்தைப் படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கையைக் காட்டு."

"என்ன?"

"ரெண்டு கையையும் காட்டு, மர்வ்."

மேசைமேல் உள்ளங்கைகளை விரித்து வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். ஓய்வூதியக்காரனின் கை, அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"பேசிலோட கையைப் பாத்துட்டு டாக்டர் கேட்டார், விஷம் எதுலயாவது கை வெச்சியான்னு. ஆட்டைக் குளிப்பாட்டற மருந்துத் தண்ணில வேலை பாத்தியா, மருந்தேத்தின மரத்துல வேலை பாத்தியா, பூச்சிமருந்து அடிச்சியான்னு. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். எல்லாத்துக்கும் இல்லன்னான். வெறும் மணல்தானே, மணலை யாரு சொல்லுவா? டாக்டர் அவன் கையைப் புரட்டிப் புரட்டிப் பாத்தார். அப்புறம் விட்டுட்டார்."

கடிதத்தை மடித்து உள்ளே வைத்தேன்.

"அந்த ரிபெகாவைப் போய்ப் பாத்தேன்," என்றாள். "பேசில்தான் அள்ளினான்னு சொன்னேன். அவ நல்ல பொண்ணு. ஆனா எல்லா எடத்துலயும் உன் பேருதான் இருக்காம். பலகைல நீ, ரேடியோல நீ, ஓகில்வியம்மா நோட்டுல நீ. குழுவோட பேப்பர்லகூட பேசிலோட பேரு ஒரு தடவைதான் வருது, தேநீர் செலவுக்குக் கையெழுத்து போட்டிருக்கான். பெண்டாட்டி சொல்றத மட்டும் வெச்சு எழுத முடியாதாம். கூட இருந்தவங்க யாராவது சொல்லணுமாம். சொன்னா ஆஸ்பத்திரிக்கு எழுதி, அவன் எதனால செத்தான்னு திரும்பப் பாக்கச் சொல்லுவாளாம்."

"அதுக்குத்தான் நைரி நானும் வந்தேன். நாளைக்குக் கூட்டத்துல நீ எழுந்து சொல்லிடு. யோசனையும் பேசிலோடது, வேலையும் பேசிலோடதுன்னு. நீ சொன்னா நம்புவாங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு."

"நான் சொன்னா செத்தவன் தலைல கட்டறேன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"ஃபெர்கஸ் மன்னிப்பு கேட்டா போதும்னு சொல்றாரு. கேட்டுட்டா எனக்கு ஊரு மிஞ்சும்."

"மிஞ்சும். போய்க் கேளு. பேசில் அங்க இருக்கவே இல்லன்னு இன்னொரு வாட்டி சொன்ன மாதிரி ஆகும். பழகினதுதானே உனக்கு."

அவள் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று முழுக்க அவளைத் திட்டினேன், பேசிலைத் திட்டினேன், வானொலிப் பெண்ணைத் திட்டினேன். சாயங்காலம் திட்ட ஆள் தீர்ந்துபோனது.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுபோக வேண்டும். நல்லதற்குக் கூடினாலும் கெட்டதற்குக் கூடினாலும் தட்டு உண்டு. நான் காலையில் எழுந்து பதினெட்டு பாலாடைக்கட்டி ஸ்கோன் ரொட்டிகள் சுட்டேன். என் மனைவி என்னை விட்டுப் போவதற்கு முன் கற்றுக்கொடுத்த ஒரே வேலை அது. தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய் நீள மேசையில் மற்ற தட்டுகளோடு வைத்தேன்.

கூடம் நிறைந்திருந்தது. தகரக் கூரைமேல் மழை. ரிபெகா பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் நோட்டோடு இருந்தாள். நைரி இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபெர்கஸ் எழுந்து, "நம்ம மர்வின் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ஆசைப்படறான்" என்று சொல்லி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முகங்களைப் பார்த்தேன். ஃபெர்கஸ் சரியாகத்தான் கணித்திருந்தார். மன்னிக்கத் தயாராக வந்திருந்தார்கள். ரக்பிக்காரன்கூடக் கையைக் கட்டிக்கொண்டு, 'சீக்கிரம் சொல்லித் தொலை' என்பதுபோல ஒரு பாதிச் சிரிப்போடு இருந்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் என் நாக்கின் நுனியிலேயே இருந்தது.

"அந்த மணல் யோசனை என்னோடது இல்ல," என்றேன். "பேசிலோடது. அள்ளினது, கொட்டினது, பரப்பினது எல்லாம் பேசில். நான் டிராக்டர்ல உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமா நான் சொன்னது பொய். அவன் கை வெச்ச வேலைக்கு நான் பேரு வாங்கிக்கிட்டேன்."

ரக்பிக்காரனின் முகத்திலிருந்து அந்தப் பாதிச் சிரிப்பு போனது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"செத்தவன் மேல போடறியா? அவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான்னு தைரியமா?"

"அடக்கத்தன்னிக்கு என்ன சொன்னே? சாப்பாட்டு மூட்டை சுமந்தான்னு சொன்னியே. நாங்கல்லாம் சிரிச்சமே," என்றாள் ரொட்டிக் கடைக்காரி.

"அது பொய்ம்மா. இதுதான் நிஜம்."

"நல்லா இருந்த வரைக்கும் உன்னோடது. நாறினதும் பேசிலோடது. அதானே?"

ஃபெர்கஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "உட்காரு மர்வ். போதும், உட்காரு" என்றார். அவர் எனக்காக வெட்கப்பட்டது வேறு எல்லாவற்றையும்விட அதிகமாக உறைத்தது. நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன்.

"நைரி, நீயே சொல்லேன்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் கைப்பையின் கொக்கியை ஒருமுறை திறந்து மூடினாள். அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, மழையைப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் எழுந்துபோய் அவள் தோளில் கை வைத்தாள். என்னைப் பார்த்து, "வெக்கமா இல்ல உனக்கு?" என்றாள்.

ரிபெகா மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கையை உயர்த்தி, சந்தையில் விலை விசாரிக்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்.

"மிஸ்டர் கில்ஃபோய்ல், அவர் கையுறை போட்டிருந்தாரா?"

"இல்லைங்க. போட மாட்டான்."

"எத்தனை நாள் வேலை?"

"ரெண்டு கோடை. மழை இல்லாத நாளெல்லாம். மொத்தம் எழுபது எண்பது நாள் இருக்கும்."

"புழுதி இருந்துதா?"

"வாயெல்லாம் புழுதி. அந்தக் கையாலயே சிகரெட் சுருட்டுவான். தாளை நக்கி ஒட்டுவான்."

"உள்ளங்கைல ஏதாவது பாத்தீங்களா?"

"பாத்தேன். காரட் துருவலாம்னு கேலி பண்ணினேன்."

யாரும் சிரிக்கவில்லை. ரிபெகா கடைசி வரியை எழுதி, நோட்டைத் திருப்பி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். "இது போதும்," என்றாள். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. நைரியைப் பார்த்துச் சொன்னாள்.

கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றினார்கள். நான் சுவரோரம் நின்றேன். என்னைச் சுற்றி இரண்டு நாற்காலி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. முட்டை சாண்ட்விச் போனது, இஞ்சி கேக் போனது, வைட்பெயிட் மீன் அடை முதலிலேயே போனது. கடைசியில் மேசையில் கழுவி வைத்த மாதிரிக் காலித் தட்டுகளும், பதினெட்டு ஸ்கோனோடு என் தட்டும் மட்டும் மிஞ்சின. மூடியிருந்த தாளைக்கூட யாரும் தொடவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நைரி காருக்குப் பக்கத்தில், தலையில் முக்காட்டோடு சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தட்டு காலியாக இருந்தது.

"நீ கேட்டதத்தானே சொன்னேன்," என்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நைரி. ஆமாம்னு ஒரு வார்த்தை. உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

அவள் சாவியைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தாள். காலித் தட்டைப் பின்னிருக்கையில் வைத்தாள்.

"பேசிலை அடக்கம் பண்ணின அன்னிக்கு நீ கால்மணி நேரம் பேசினே மர்வ். எனக்கு நிஜம் தெரியும். முன் வரிசைல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

நான் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னிக்கும் பேசல," என்றாள்.

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மழையில் நடந்து வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் ஸ்கோன்தான் தின்றேன்.